டிகிரி முடிச்சாச்சு, நூலகர் ஆகணுமா? எந்தப் படிப்பை எடுப்பது? திருப்பத்தூர் மாணவர்களுக்கான முழு விவரம்

பி.லிப் போதுமா, எம்.லிப் வேணுமா? வேலூரிலிருந்து பிரிந்து 2019-ல் தனி மாவட்டமான திருப்பத்தூரில், பட்டம் முடித்துவிட்டு பொது நூலகத்தில் வேலைக்குச் சேர நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஜவ்வாது மலையில் புதூர்நாடு, நெல்லிவாசல் பக்கத்திலிருந்து மலை இறங்கி வந்து படிப்பவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். ஒரு வருஷம் வீணானால் பஸ் செலவு, ஹாஸ்டல் செலவு எல்லாம் சேர்ந்தே வீணாகும்.

எந்தப் பதவி என்று முடிவு செய்துவிட்டு, அதன் பிறகு படிப்பைத் தேர்வு செய்வதுதான் சரி. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

எந்தப் பதவிக்கு எந்தப் படிப்பு?

அமெரிக்காவில் பெரும்பாலான பொது நூலகங்களில் நூலகர் ஆவதற்கு முதுநிலைப் பட்டம் கேட்பார்கள். தமிழ்நாட்டில் அப்படி இல்லை, இங்கே படிப்படியாக ஏறலாம். சி.எல்.ஐ.எஸ். என்ற சான்றிதழ் படிப்பு ஊர்ப்புற நூலகர், மூன்றாம் நிலை நூலகர் போன்ற பணிகளுக்கானது. இதற்குப் பட்டம் தேவையில்லை. அடுத்தது பி.எல்.ஐ.எஸ்., அதாவது பேச்சு வழக்கில் பி.லிப். ஏதாவது ஒரு பட்டம் முடித்தவர்கள் ஓராண்டில் படிக்கலாம். அதற்கு மேல் எம்.எல்.ஐ.எஸ்.; மாவட்ட நூலக அலுவலர் போன்ற அதிகாரி நிலைப் பணிகளைக் குறிவைப்பவர்கள் இதுவரை போக வேண்டும்.

பி.லிப் முடித்துவிட்டு ஓராண்டில் எம்.லிப் படிக்கலாம். பல்கலைக்கழகத் துறைகளில் நேரடியாக இரண்டு ஆண்டு ஒருங்கிணைந்த படிப்பும் உண்டு. அதில் சேர்ந்து முதல் ஆண்டோடு நிற்க நேர்ந்தால் கையில் ஏதாவது பட்டம் கிடைக்குமா என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். குடும்பச் சூழல் நிலையாக இல்லாதவர்களுக்கு, முதலில் பி.லிப், பிறகு எம்.லிப் என்ற வழியே பாதுகாப்பு.

எங்கே படிக்கலாம்?

திருப்பத்தூர்காரர்களுக்கு வசதியானது சேலம் பெரியார் பல்கலைக்கழகம். ஜோலார்பேட்டை - சேலம் ரயில் பாதையிலேயே திருப்பத்தூர் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணாமலை, அழகப்பா, பாரதிதாசன் பல்கலைக்கழகங்களிலும் நூலக அறிவியல் துறைகள் உள்ளன. வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டும் என்றால் இக்னோ, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். தொலைநிலையில் சேர்வதாக இருந்தால், அந்த ஆண்டுக்கு அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி. அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டணம் கட்டுங்கள்.

தொலைநிலைப் படிப்பில் ஒரு சிக்கல் உண்டு. புத்தகத்துக்கு வகைப்பாட்டு எண் போடுவதையும் பட்டியலிடுவதையும் பாடப் புத்தகத்தைப் படித்து மட்டும் கற்க முடியாது. செய்முறை வகுப்புகளை விடாதீர்கள்.

தமிழ் வழியில் படித்தவர்களா? இதைக் கவனிங்க

அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பட்டம் மட்டும் தமிழ் வழியில் இருந்தால் போதாது. பள்ளிப் படிப்பிலிருந்து அந்தப் பணிக்குக் கேட்கப்படும் தகுதி வரை எல்லாமே தமிழ் வழியில் இருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பு முதல் பி.ஏ. வரை தமிழில் படித்த ஒருவர், பி.லிப்பை மட்டும் ஆங்கில வழியில் முடித்தால், பி.லிப் கேட்கும் பணிக்கு இந்த முன்னுரிமையைக் கோர முடியாது. மலைக் கிராம அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு இது பெரிய இழப்பு. சேர்க்கையின்போது பயிற்று மொழி என்ன என்று அவசியம் கேளுங்கள்.

எந்தப் பாடங்களில் கவனம்?

விருப்பப் பாடம் எடுக்க வாய்ப்பிருந்தால் பொது நூலக மேலாண்மை, தகவல் சேவை, கணினிமயமாக்கல் ஆகியவற்றை எடுங்கள். ஆராய்ச்சி இதழ்களை எண்ணிக்கையால் அளக்கும் பாடங்கள் கல்லூரி நூலகத்துக்கு உதவும், கிளை நூலகத்தில் அவ்வளவாகப் பயன்படாது. 'கோஹா' மென்பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள். நியூசிலாந்தில் உருவான இலவச மென்பொருள் இது. மாவோரி மொழியில் அந்தச் சொல்லுக்குப் 'பரிசு' என்று பொருள்.

செயல்திட்டத்துக்கு வெளியே எங்கேயும் அலைய வேண்டாம். உங்கள் ஊர் நூலகத்தையே எடுங்கள். யார் வருகிறார்கள், போட்டித் தேர்வுப் புத்தகம் கேட்பவர்கள் எத்தனை பேர், பெண்கள் ஏன் வருவதில்லை என்று ஒரு மாதம் உட்கார்ந்து குறித்தாலே நல்ல ஆய்வு கிடைக்கும்.

வேலை வாய்ப்பு எப்படி?

நிஜத்தைச் சொல்லிவிட வேண்டும். அறிவிப்புகள் அடிக்கடி வருவதில்லை. 2023-ல் டி.என்.பி.எஸ்.சி. நடத்திய ஒருங்கிணைந்த நூலகப் பணிகள் தேர்வுக்கு, சட்டக் கல்லூரி நூலகர் முதல் மாவட்ட நூலக அலுவலர் வரை சேர்த்தே 35 இடங்கள்தான். அதனால் எம்.லிப்போடு நிற்காமல் யு.ஜி.சி. நெட் தேர்வையும் எழுதுங்கள். எம்.லிப்பில் 55 சதவீதமும் நெட் தேர்ச்சியும் இருந்தால் கல்லூரி, பல்கலைக்கழக நூலகப் பணிகளுக்கும் முயற்சி செய்யலாம். தகுதி இருந்தால் குரூப் தேர்வுகளையும் விட்டுவிடாதீர்கள்.

இந்தத் துறையில் இந்தியாவுக்கே முன்னோடி நம்ம மாநிலம். 1948-லேயே பொது நூலகச் சட்டம் வந்தது. இன்றும் சொத்து வரியில் ஒரு ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரி வசூலிக்கப்படுகிறது. அந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்ட சீர்காழி எஸ்.ஆர்.ரங்கநாதன் ஒரு கணித ஆசிரியர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான பிறகுதான் லண்டன் போய் நூலகப் படிப்பைப் படித்தார். வேலை முதலில், படிப்பு பிறகு என்பது இன்று நடக்காது.

ஜவ்வாது மலையின் மலையாளி பழங்குடி மாணவர்களுக்கு: அரசுப் பணிகளில் பழங்குடியினருக்கு 1 சதவீத இடஒதுக்கீடு உண்டு, உயர்கல்விக்கு உதவித்தொகையும் உண்டு. இரண்டுக்கும் சாதிச் சான்றிதழ் வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு தாலுகா அலுவலகத்துக்கு ஓடாமல், படிப்பில் சேரும்போதே வாங்கி வைத்துவிடுங்கள்.