ஹார்மானிஸின் தூரிகையும் எமது கைத்தொலைபேசியும்



உயர்தரப் பெறுபேறு வெளியாகும் ஒவ்வொரு முறையும் எமது ஊரில் சில வீடுகள் மையத்து வீடு மாதிரி ஆகிவிடுகின்றன. பிள்ளை உயிரியல் பிரிவில் மூன்று பாடமும் சித்தி. ஆனால் மருத்துவ பீடத்துக்கு இசட் புள்ளி போதாது. "தாவர விஞ்ஞானம் படிக்கலாமே" என்று நாங்கள் ஆசிரியர்கள் போய்ச் சொன்னால், "மரஞ்செடி பார்க்கிற வேலைக்கா சேர் இவ்வளவு படிச்சது?" என்று உம்மாமார் கேட்கிறார்கள். அதே பிள்ளையின் கைத்தொலைபேசியைத் திறந்து பார்த்தால் பூவும் இலையுமாக நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கும். எந்தச் செடி, எங்கே நின்றது என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

செடியைப் பார்த்து அதைப் படமாகப் பதிவு செய்வது எமது நாட்டில் 200 வருடமாக இருந்துவரும் ஒரு தொழில். அந்த வரலாற்றை ஒருமுறை சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

பேராதனைத் தாவரவியல் பூங்கா 1821இல் அலெக்சாண்டர் மூன் என்பவரின் பொறுப்பில் தொடங்கியது. அதற்கு முன்னர் அது களுத்துறையில் இருந்தது. மூன் 1824இல் இலங்கைத் தாவரங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அதில் விஞ்ஞானப் பெயர்களோடு உள்ளூர்ச் சிங்களப் பெயர்களும் இருந்தன. கிராமத்து மனிதர் சொன்ன பெயரும் அறிவுதான் என்று அன்றே ஒருவர் கருதியிருக்கிறார். இந்த விடயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதற்குத்தான் திரும்பி வருவோம்.

1823இல் அந்தப் பூங்காவில் ஓவியராக ஒரு இலங்கையர் சேர்ந்தார். அவர் பெயர் ஹார்மானிஸ் டி அல்விஸ் செனவிரத்ன. காட்டிலிருந்து வரும் ஒவ்வொரு செடியையும் வாடுமுன் வரைவதுதான் அவருடைய வேலை. இலையின் நரம்பு, பூவின் உட்பகுதி, காயின் குறுக்குவெட்டு, விதை என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் கொண்டுவருவார். 38 வருடங்கள் இதே வேலையைச் செய்துவிட்டு 1861இல் ஓய்வு பெற்றார். பிறகு அவருடைய மகன்மாரும் இதே தொழிலுக்கு வந்தார்கள். ஹென்றி டிரைமன் எழுதி 1893 முதல் வெளிவந்த இலங்கைத் தாவரக் கைநூலுக்கு இந்தக் குடும்பத்தின் ஓவியங்கள்தான் துணை நின்றன. இலையே இல்லாமல், பச்சை நிற வேர்களாலேயே உணவு தயாரிக்கும் ஒரு சிறிய ஓர்க்கிட் எமது காடுகளில் உண்டு. அதன் விஞ்ஞானப் பெயர் 'டேனியோபிலம் அல்விசியை'. அந்த 'அல்விஸ்' இந்த ஓவியர்தான்.

ஏன் வரைய வேண்டும், செடியையே காயவைத்து வைக்கலாமே என்று கேட்பீர்கள். அதையும் செய்தார்கள். தாளில் அழுத்திக் காயவைத்த செடிகளைச் சேர்த்து வைக்கும் இடத்தை ஹேர்பேரியம் என்கிறோம். எமது தேசிய ஹேர்பேரியம் இன்றும் பேராதனையில்தான் இருக்கிறது. ஆனால் காய்ந்த செடியில் நிறம் போய்விடும், பூவின் வடிவம் நசுங்கிவிடும். அதனால்தான் ஓவியம் தேவைப்பட்டது.

ஓவியத்துக்கும் ஒரு குறை உண்டு. நுணுக்கமான செடி என்றால் கை தடுமாறும். இங்கிலாந்தில் அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணிக்கு இதே பிரச்சினை வந்தது. 1799இல் பிறந்தவர், தாவரங்களைப் படித்தவர், நன்றாக வரையவும் தெரிந்தவர். கடற்பாசிகளின் மெல்லிய இழைகளைச் சரியாக வரைவது மட்டும் அவருக்கே கடினமாக இருந்தது. 1842இல் ஜோன் ஹேர்ஷல் என்ற விஞ்ஞானி சயனோடைப் என்ற முறையைக் கண்டுபிடித்தார். இரும்பு உப்புகள் பூசிய தாளில் ஒரு பொருளை வைத்து வெயிலில் காட்டி, பிறகு தண்ணீரில் அலச வேண்டும். வெயில் பட்ட இடம் கடும் நீலமாகும், பொருள் மறைத்த இடம் வெள்ளையாக நிற்கும். கட்டட வரைபடத்தைப் 'புளூபிரிண்ட்' என்று சொல்கிறோமே, அந்த நீலம் இதுதான். அன்னா கடற்பாசிகளை அந்தத் தாளின் மேல் வைத்தார். கமெராவே இல்லாமல், செடியின் நிழலையே படமாக எடுத்தார். 1843இல் முதல் பகுதியை வெளியிட்டு, பத்து வருடம் உழைத்து 1853இல் முடித்தார். புகைப்படங்களைக் கொண்டு உருவான முதல் நூல் அதுதான் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். உலகின் முதல் புகைப்பட நூல் ஒரு தாவரவியல் நூல் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அவர்கள் நம்புவதில்லை!

இனி இலங்கைக்கு வருவோம். 1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் தூள் படிந்திருப்பதைக் கண்டார்கள். பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளர் துவைட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, அது அதுவரை பெயரிடப்படாத ஒரு பங்கசு என்று தெரியவந்தது. 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி இங்கே வந்து இரண்டு வருடம் அதன் வாழ்க்கையை ஆராய்ந்தார். ஆனால் காலம் கடந்துவிட்டது. அடுத்த சில வருடங்களில் இலங்கையின் கோப்பிப் பொருளாதாரமே விழுந்தது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலையும் 1824இலேயே பேராதனையில் நட்டுப் பார்க்கப்பட்ட செடிதான். 1876இல் இறப்பர்க் கன்றுகள் கம்பஹாவின் ஹெனரத்கொடப் பூங்காவுக்கு வந்தன. ஒரு நாட்டின் சோறும் கடனும் 'மரஞ்செடி பார்க்கிற' சிலரின் கையில் இருந்திருக்கிறது.

கோப்பிக் கதையோடு ஒட்டிய இன்னொரு சம்பவம். இங்கிலாந்தின் பெயர்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கையில் குடியேறினார். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1877இல் உலகம் சுற்றிச் செடிகளை ஓவியமாக வரைந்துவந்த மரியான் நோர்த், களுத்துறையில் கமரனின் வீட்டுக்கு வந்தார். கமரன் சும்மா விடவில்லை. உச்சி வெயிலில், தலையில் குத்தும் தென்னோலைகளுக்கிடையே நோர்த்தை நிறுத்தி, இயல்பாக இருக்கச் சொல்லிப் படமெடுத்தார். அந்தக் காலத்தில் கண்ணாடித் தட்டில் இரசாயனத்தைப் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, காய்வதற்குள் கழுவியும் முடிக்க வேண்டும். எமது காலநிலையில் அது எவ்வளவு சிரமம் என்று யோசித்துப் பாருங்கள். கமரன் 1879இல் இந்த மண்ணிலேயே மரணித்தார்.

பிறகு பிலிம் வந்தது. 1888இல் கொடாக் கமெரா சந்தைக்கு வந்த பின்னர், கண்ணாடித் தட்டைச் சுமக்கும் கஷ்டம் போனது. எமது வயதுக்காரர்களுக்குப் பிலிம் ரோல் நன்றாக ஞாபகம் இருக்கும். ஒரு ரோலில் 36 படம். கல்யாண வீட்டிலும் எண்ணி எண்ணித்தான் எடுப்பார்கள். டவுனில் ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்து, ஒரு வாரம் கழித்துப் போனால் பாதிப் படத்தில் வாப்பாவின் தலை இருக்காது.

டிஜிட்டல் கமெராவும் கொடாக்கிலேயே பிறந்தது. 1975இல் ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியியலாளர் அதைச் செய்தார். சுமார் 3.6 கிலோ எடை. ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கசற் நாடாவில் பதிய 23 செக்கன். படத்தில் இருந்தது 10,000 புள்ளிகள்தான். இன்று எமது கையில் இருக்கும் போனில் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அதே கொடாக் நிறுவனம் 2012இல் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோர வேண்டி வந்ததும் வரலாறுதான்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு என்ன? பிலிமில் வெள்ளி உப்பின் நுண்ணிய பளிங்குகள் இருக்கின்றன. ஒளி பட்டால் அவை மாறும், கழுவும்போது அந்த மாற்றம் படமாகும். ஒளியை உணர்வதும் அதைச் சேமித்து வைப்பதும் ஒரே பொருள். டிஜிட்டலில் இவை இரண்டும் வேறு வேறு. உணரி ஒளியை மின்னேற்றமாக்குகிறது, அது எண்ணாக மாறி வேறோர் இடத்தில் சேமிக்கப்படுகிறது. உணரிக்கு நிறம் தெரியாது. ஆகவே அதன் மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளை வைக்கிறார்கள். எமது கண் பச்சைக்குத்தான் அதிகம் கூர்மையானது என்பதால், ஒரு சிவப்பு, ஒரு நீலத்துக்கு இரண்டு பச்சை.

செடி படிக்கிறவருக்கு இதில் இலாபமும் உண்டு, நட்டமும் உண்டு. படம் சரியா என்று பூ உதிரும் முன்பே பார்க்கலாம், திகதியும் இடமும் படத்துக்குள்ளேயே பதியும். அது பெரிய இலாபம். ஆனால் வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அந்த இடவிபரம் நீங்கிவிடும். உச்சி வெயிலில் மல்லிகையை எடுத்தால் டிஜிட்டலில் இதழின் விபரம் அழிந்து வெறும் வெள்ளையாகிவிடும். பிலிம் நெகட்டிவ் அந்த வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் தாங்கும். இன்னொன்று, இன்றைய போன்கள் பல படங்களை ஒன்றாக்கி, பச்சையை இன்னும் பச்சையாக்கிக் காட்டுகின்றன. ஆகவே இதழின் நிறத்தைப் படத்தை மட்டும் நம்பிச் சொல்ல முடியாது, கண்ணால் பார்த்து எழுதி வைக்க வேண்டும்.

எங்கள் அனுபவம் ஒன்று. கல்வியியற் கல்லூரியில் ஒரு விஞ்ஞான ஒப்படைக்காக நாங்கள் சில நண்பர்கள் 30 செடிகளைச் சேர்த்தோம். போனிலும் படமெடுத்தோம், பத்திரிகைத் தாளில் வைத்து அழுத்தியும் வைத்தோம். ஒவ்வொரு தாளிலும் பெயர், இடம், திகதி. போனின் மெமரி கார்ட் அடுத்த வருடமே பழுதாகி எல்லாப் படமும் போனது. காய்ந்த தாள்கள் இன்னும் ஒருவர் வீட்டு அலுமாரியில் இருக்கின்றன. போன கிழமை எடுத்துப் பார்த்தோம். பூச்சி கொஞ்சம் அரித்திருந்தது, ஆனால் எழுதியது அப்படியே வாசிக்க முடிந்தது. படம் எவ்வளவு தெளிவு என்பதைவிட, அதோடு என்ன எழுதினோம், எங்கே பிரதி வைத்தோம் என்பதே முக்கியம் என்று அன்றுதான் விளங்கியது.

இப்போது தொழிலுக்கு வருவோம். எமது வயலில் விதைக்கிற பிஜி நெல்லில் அந்த 'பிஜி' பத்தலகொடையைக் குறிக்கிறது. அங்குள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்தில் தாவர இனவிருத்தியாளர்கள் உருவாக்கிய இனங்கள் அவை. 'ஏடி' என்றால் அம்பலாந்தோட்டை. தலவாக்கலையில் தேயிலை, அகலவத்தையில் இறப்பர், லுணுவிலயில் தெங்கு ஆராய்ச்சி நிறுவனங்கள் இருக்கின்றன. கன்னொறுவையில் எமது பாரம்பரிய விதைகளைக் குளிரில் பாதுகாக்கும் தாவர மரபுவள நிலையம். கட்டுநாயக்கவில் நோயுள்ள செடி நாட்டுக்குள் வராமல் தடுக்கும் தாவரத் தனிமைப்படுத்தல் சேவை. 1869இல் இப்படியொரு வாசல் இருந்திருந்தால் என்று நினைத்துப் பாருங்கள். இவை தவிர வனத் திணைக்களம், இழைய வளர்ப்பு ஆய்வுகூடங்கள், பழைய ஹேர்பேரியத் தாள்களை டிஜிட்டலாக்கும் வேலைகள். தாவர ஓவியர்களும் இன்னும் தேவைப்படுகிறார்கள். ஏனென்றால் கமெரா ஒரு செடியின் ஒரு கணத்தைத்தான் காட்டும், ஹார்மானிஸ் போன்றவர் பூவையும் காயையும் விதையையும் ஒரே தாளில் காட்டுவார்.

பொய் சொல்ல மாட்டோம். வைத்தியரின் வருமானம் இதில் கிடையாது, அரச வெற்றிடங்கள் ஒவ்வொரு வருடமும் வருவதுமில்லை. ஆனால் சம்மாந்துறையிலும் வந்தாறுமூலையிலும் பேராதனையிலும் இதற்கான பட்டப்படிப்புகள் இருக்கின்றன. பட்டம் கிடைக்காதவருக்கு விவசாய டிப்ளோமா இருக்கிறது. மருத்துவம் கிடைக்காததால் இரண்டாம் தரமாகத் தள்ளப்பட்டவர் படிக்கும் படிப்பு இதுவல்ல.

பல்கலைக்கழகம் போகும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. இந்த விடுமுறையில் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். வீட்டைச் சுற்றியுள்ள பத்துச் செடிகளைத் தெரிவு செய்யட்டும். முழுச் செடி, இலையின் மேல்பக்கம், கீழ்ப்பக்கம், பூ, காய் என்று ஐந்து படம். அளவு தெரியப் பக்கத்தில் ஒரு அடிமட்டம். காலை வெயிலில் எடுக்கட்டும். பிறகு ஒரு கொப்பியில் திகதி, இடம், நிறம் எழுதட்டும். கடைசியாக உம்மம்மாவிடம் போய், "இதுக்குப் பேர் என்ன, எதுக்குப் பாவிக்கிறது?" என்று கேட்டு, அவர் சொன்ன சொல்லையே எழுதட்டும்.

மூன் 1824இல் கிராமத்துப் பெயர்களை அச்சில் ஏற்றிவிட்டுப் போனார். எமது உம்மம்மாமாரின் வாயில் இருக்கும் செடிப் பெயர்களில் எத்தனை எழுத்தில் இருக்கின்றன? ஒவ்வொரு மௌத்தோடும் சில பெயர்கள் கபுறுக்குள் போகின்றன. அவற்றை எந்தக் கமெராவாலும் பிடிக்க முடியாது, கேட்டு எழுதத்தான் முடியும்.

உங்கள் வீட்டில் மட்டும் வழங்கும் செடிப் பெயர் ஒன்று இருந்தால், ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள். சேர்த்து எழுதி, பாடசாலை நூலகத்தில் ஒரு பிரதி வைப்போம், இன்ஷா அல்லாஹ்.