ஐடா என்னும் பெயர்



ஒருவர் பெயரைக் கேட்டவுடன் அதன் பொருளையும் கேட்பது நம்மவர் வழக்கம். மங்கையர்க்கரசி என்றால் மங்கையர்க்கு அரசி. தையல்நாயகி என்றால் பெண்களுட் சிறந்த தலைவி. பெயரும் பொருளும் உடலும் உயிரும் போல் ஒன்றியிருக்க வேண்டுமென்று நாம் எதிர்பார்க்கிறோம். பொருள் விளங்காத பெயரை உடையவர் சபையிலே சற்றுக் கூச்சமடைவதும் உண்டு. அத்தகைய கூச்சமொன்றை நேரிற் கண்டதனாலேயே இன்று இப்பொருளைப் பற்றிப் பேச வந்தேன்.

அரியாலையில் நான் அதிபராயிருக்கும் பாடசாலையிலே, தமிழாசிரியை விடுப்பில் நின்ற ஒருநாள், பத்தாம் வகுப்பை நானே ஏற்க நேர்ந்தது. இலக்கணத்திற் பெயர்ச்சொல் பற்றிய பாடம். மாணவர் ஒவ்வொருவரும் எழுந்து தத்தம் பெயரின் பொருளைக் கூறுமாறு பணித்தேன். வரிசையிலே ஒரு மாணவியின் முறை வந்தது. சேர்விடாப்பில் அவள் பெயர் ஐடா என்றிருந்தது. எழுந்து நின்றாள், ஒன்றும் பேசவில்லை. பின்வாங்கிலிலிருந்து ஒரு சிரிப்பொலி எழுந்தது. சிரித்த பிள்ளைகளிற் சிலருடைய பெயர்களோ எண்சோதிடம் பார்த்து எழுத்துக் கூட்டியும் குறைத்தும் இடப்பட்டவை. எந்த நிகண்டைப் புரட்டினாலும் அவற்றுக்குப் பொருள் கிடையாது. அது வேறு கதை.

அவளுடைய முகவாட்டத்தைக் கண்டதும், "ஐடா என்பது கிரேக்க நாட்டிலுள்ள பெருமலையொன்றின் பெயர், அவர்களுடைய தேவர்கோன் சியுஸ் குழந்தையாயிருந்தபோது அங்கேதான் வளர்ந்தான்" என்று கூறினேன். வகுப்பு அடங்கிற்று. அவளும் மகிழ்ந்து அமர்ந்தாள். கிரீத் தீவிலே அப்படியொரு மலை இருப்பது மெய், கதையும் மெய். ஆயினும் அன்றிரவு என் மனம் அமைதி கொள்ளவில்லை. அலுமாரியிலிருந்த நூல்களை எடுத்துப் பார்த்தேன். மலைக்கும் அவள் பெயருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பது தெளிவாயிற்று. ஆசிரியன் வகுப்பிலே சொல்லிய பிழை கரும்பலகையில் எழுதிய பிழையன்று, துடைத்தவுடன் மறைந்து போவதற்கு.

ஐடா என்பது பழைய செருமானிய மொழிகளிலே தோன்றிய பெண்பெயர். செருமானிய மொழிகள் என்பது இன்றைய செருமனி நாட்டின் மொழியை மட்டும் குறிப்பதன்று. ஆங்கிலம், ஒல்லாந்த மொழி, சுவீடிய மொழி முதலியவற்றுக்கெல்லாம் தாயான ஒரு பழங்குடும்பத்தையே குறிக்கும். அக்குடும்பத்தார் பெயரிடும் முறை தனியானது. இரண்டு சொற்களை இணைத்து ஒரு பெயராக்குவர். 'மட்டில்டா' என்பதில் வலிமை, போர் என்னும் இரு சொற்கள் உள்ளன. 'கெர்ட்ரூட்' என்பதன் முற்பகுதி ஈட்டி. இவ்வாறு நீண்ட பெயர்களின் முதற்பகுதியை மட்டும் வைத்துச் செல்லமாக அழைத்த குறும்பெயர்களுள் ஒன்றே 'இடா'. அதன் வேர்ச்சொல்லாகிய 'இத்' என்பதற்கு உழைப்பு, தொழில் என்று பெரும்பாலார் பொருள் கொள்வர். வடநாட்டுப் பழமொழியாகிய நோர்ஸ் மொழியில் அவ்வேர் அப்பொருளிலேயே வழங்கியது. பெருமாட்டி என்னும் பொருளுடைய 'இதிஸ்' என்ற பழஞ்சொல்லோடு இணைத்துக் காண்பாரும் உளர். முன்னையதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

இவ்விடத்தில் நேயர்களுக்கு ஓர் ஐயம் எழலாம். வடமொழி வேதத்திலே இடா என்றொரு தேவதை உண்டே. யோக நூல்கள் இடகலை, பிங்கலை என்று நாடிகளைக் கூறுகின்றனவே. வடமொழியும் செருமானிய மொழிகளும் ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவையாதலின் இரண்டும் ஒன்றாயிருக்கலாகாதோ என்று கேட்கலாம். ஒலி ஒத்திருப்பதனாலேயே இரு சொற்கள் உறவாகிவிடா. ஒரு மொழியிலுள்ள ஒலி மற்றொரு மொழியிலே எவ்வாறு திரிந்து வரும் என்பதற்கு விதிகள் உண்டு. அவ்விதிக்கு அடங்காத ஒற்றுமை தற்செயலானது. மலையைக் காட்டி நான் தவறியதும் இந்த ஒலி மயக்கத்தினாலேதான்.

இன்னுமொரு புதுமை: ஆங்கில வரலாற்றின் தொடக்கத்திலே ஐடா ஓர் ஆணின் பெயராகவும் காணப்படுகிறது. இங்கிலாந்தின் வடபாகத்திலே பெர்னீசியா என்னும் நாட்டை 547இல் ஆளத் தொடங்கிய அரசன் பெயர் ஐடா. 731இல் தம் நூலை முடித்த பீட் என்னும் துறவி இதனைக் குறித்து வைத்தார். எனினும் ஐரோப்பாக் கண்டத்திலே இது பெண்களுக்கே உரிய பெயராய் நிலைத்தது.

பிராங்கியர் நாட்டு அரண்மனைத் தலைவராயிருந்த பெப்பினின் மனைவி இத்தா, இதே பெயரின் பழைய வடிவத்தை உடையவள். 640இல் கணவன் இறந்தபின் அவள் மறுமணம் நாடாது, இன்றைய பெல்ஜியத்திலுள்ள நிவேல் என்னுமிடத்திலே கன்னியர் மடமொன்றை நிறுவினாள். அவளுடைய மகள் கெர்ட்ரூட் அம்மடத்தின் முதல் தலைவியானாள். மற்றொரு மகளின் வழியிலே பேரரசன் சார்லமேன் தோன்றினான். 825இல் மறைந்த ஹெர்ட்ஸ்பெல்ட் ஐடாவைப் பற்றி ஒரு மரபுக் கதை வழங்குகிறது. இவளும் இளமையிற் கைம்பெண்ணானவள். தனக்கென ஒரு கற்பேழையைச் செய்வித்து, இறக்குமுன்னரே அதை வீட்டில் வைத்து, நாள்தோறும் அதனை உணவுப்பொருளால் நிரப்பி ஏழைகளுக்கு வழங்கினாளாம். சவப்பெட்டியை நெற்கூடையாக்கிய இப்பெண்மணியின் செய்கையை வாசித்தபோது நான் சிறிது நேரம் நூலை மூடிவைத்துவிட்டேன். 1113இல் மறைந்த லொரேன் ஐடாவோ, எருசலேமைக் கைப்பற்றிய கோட்பிரி, அவன்பின் பெத்லகேமில் அரசனாய் முடிசூடிய போல்ட்வின் ஆகிய இருவரையும் பெற்ற தாய்.

1066இல் நோர்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அவர்களோடு இப்பெயர் கடல் கடந்தது. ஆயினும் அங்கே வேரூன்றவில்லை. இடைக்காலத்தின் பிற்பகுதியில் வழக்கொழிந்து, சில நூற்றாண்டுகள் பழைய ஆவணங்களிலே உறங்கிக் கிடந்தது.

அதனை எழுப்பியவர் ஒரு புலவர். 1847இல் டெனிசன் 'இளவரசி' என்னும் நெடும்பாட்டை வெளியிட்டார். அதன் தலைவி ஐடா. குழந்தைப் பருவத்திலே தனக்குப் பேசப்பட்ட மணத்தை மறுத்து, பெண்களுக்கென ஒரு பல்கலைக்கழகத்தை அமைக்கிறாள். ஆண்கள் உள்ளே நுழைந்தால் மரணதண்டனை. அவளை விரும்பிய அரசிளங்குமரனும் நண்பர் இருவரும் பெண்வேடம் பூண்டு உள்ளே நுழைகின்றனர். பின்னர் பூசலும் போரும் நிகழ்கின்றன. இறுதியிலே அவளுடைய கல்விக்கூடமே காயமுற்றோருக்கு மருத்துவமனையாகிறது. பெண்களின் உயர்கல்வி பற்றி இங்கிலாந்து அப்போதுதான் வாதாடத் தொடங்கியிருந்தது. லண்டனிலே பெண்களுக்கான குயீன்ஸ் கல்லூரி தோன்றியது 1848இலே தான். நம் யாழ்ப்பாணத்து உடுவிலிலே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை 1824இலேயே தொடங்கிவிட்டதென்பதை இங்கே நினைவூட்டுவது தற்பெருமையாகாது என்று நம்புகிறேன். அதற்குத்தான் நெடும்பாட்டொன்றும் எழவில்லை.

பாட்டினால் பெயர் பரவிற்று. 1884இல் கில்பர்ட்டும் சலிவனும் அதே கதையை நகைச்சுவை இசைநாடகமாக்கி மேடையேற்றினர். அமெரிக்காவிலே 1880இற் பிறந்த பெண்குழந்தைகளின் பெயர்களை எண்ணிப் பார்த்தால் ஐடா ஏழாவது இடத்தில் நிற்கிறது. உச்சரிப்பும் இதற்கிடையில் மாறிவிட்டது. செருமனியில் இன்றும் 'ஈடா' என்பர். ஆங்கிலத்திலே நெட்டுயிர் ஈகாரம் காலப்போக்கில் ஐகாரமாய்த் திரிந்தமையால் 'ஐடா' ஆயிற்று. நமக்கு வந்தது இந்த ஆங்கில வடிவம்.

நமக்கு எவ்வாறு வந்தது? அதற்கு யாழ்ப்பாணத்திலிருந்தே தொடங்க வேண்டும். அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் ஜோன் ஸ்கடர், நியூயோர்க்கில் நடத்திவந்த தொழிலை விட்டு 1819இல் கப்பலேறி, பண்டத்தரிப்பில் வந்து குடியேறி நோயாளரைப் பார்த்தார். 1836இல் அவர் சென்னைக்கு மாறிச் சென்றார். அவருக்குப் பின் 1847இல் வந்த வைத்தியர் கிறீன் மானிப்பாயிலிருந்து தமிழிலேயே மருத்துவம் கற்பித்ததை நேயர்கள் அறிவீர்கள். ஸ்கடருடைய புதல்வர்களிலே, யாழ்ப்பாணத்தில் 1835இற் பிறந்தவரும் தந்தையின் பெயரையே கொண்டவருமான ஒருவர் தமிழ்நாட்டில் மருத்துவராய்ப் பணியாற்றினார். அவருக்கு 1870 டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையிற் பிறந்த மகளுக்கு ஐடா சோபியா என்று பெயரிட்டனர். டெனிசனுடைய பாட்டு வெளிவந்து இருபத்துமூன்று ஆண்டுகளாகியிருந்தன. அமெரிக்க இல்லங்களில் அப்பெயர் மலர்ந்து நின்ற காலம் அது.

அமெரிக்காவிலே படித்துக்கொண்டிருந்த ஐடாவுக்கு, இந்தியாவில் வாழும் எண்ணமே இருக்கவில்லை. தாயார் நோயுற்றதனால் 1890களிலே திண்டிவனத்திலிருந்த பெற்றோரிடம் வந்தார். ஓரிரவு மூன்று ஆடவர், ஒருவர்பின் ஒருவராய், கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் இசுலாமியர், மற்றொருவரும் இந்துவே. மூவர் வீட்டிலும் இளம் மனைவியர் பிரசவ வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். மூவரும் ஐடாவை அழைத்தனர். "நான் மருத்துவம் படித்தவளல்லள், என் தந்தையார் வருவார்" என்றார் அவர். வேற்று ஆடவர் தம் மனைவியரைப் பார்ப்பதற்கு அவர்கள் உடன்படவில்லை, திரும்பிச் சென்றனர். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது.

இந்நிகழ்ச்சியைக் கேட்போர் பெரும்பாலும் அக்கணவர்மாரைக் கடிந்துகொள்வர். என்னால் அவ்வாறு முழுதும் கடிய முடியவில்லை. நள்ளிரவில் மூவரும் உதவி தேடி ஓடிவந்தவர்கள். அவர்களுடைய ஊரிலே பெண்மருத்துவர் ஒருவர் இருந்திருந்தால் கதை வேறாயிருக்கும். நம் குடாநாட்டிலும் அக்காலத்து நிலை இதுவேயன்றோ? பெண்களுக்கென்றே இணுவிலில் மக்லியோட் மருத்துவமனை 1898இல் எழுந்ததற்கு இத்தகைய மரணங்களே காரணம்.

ஐடா மருத்துவம் படிக்கச் சென்றார். 1899இல் கோர்னெல் மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்று, 1900ஆம் ஆண்டின் தொடக்கத்திலே வேலூர் வந்து சேர்ந்தார். சில மாதங்களில் தந்தையார் காலமானார். வீட்டின் ஓர் அறையிலே நோயாளரைப் பார்க்கத் தொடங்கியவருக்கு, 1902இல் நாற்பது படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை வாய்த்தது. ஆனால் ஒருவர் கைகளால் எத்தனை பிரசவம் பார்க்க இயலும்? 1909இல் தாதியர் பயிற்சியைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பாடசாலையொன்றை நிறுவ அனுமதி கேட்டபோது, மூன்று விண்ணப்பம் வந்தாலே பெரிது என்றனராம் அதிகாரிகள். வந்த விண்ணப்பங்கள் 151. 1922இற் பயின்று வெளிவந்த முதல் அணியினர் 14 பேர்.

பாட்டிலே வரும் ஐடா பெண்கள் கல்விக்கூடத்தை முதலில் அமைத்தாள். அது பின்னர் மருத்துவமனையாயிற்று. வேலூர் ஐடாவோ மருத்துவமனையை முதலில் அமைத்தார். அதிலிருந்து கல்விக்கூடம் எழுந்தது. பாட்டிலே ஆண்களுக்கு அடைத்த கதவு முடிவிலே திறந்தது. வேலூரிலும், 1942இல் பட்டக் கல்வி தொடங்கியபின், 1947இல் ஆண் மாணவரையும் சேர்த்துக்கொண்டனர். அக்கல்லூரி பெண்களுக்கே உரியதாயிருக்க வேண்டுமென்று பொருள் திரட்டித் தந்த அமெரிக்கப் பெண்மணிகள் சிலர் இதனால் மனம் நொந்தனர் என்பதையும் சொல்லவேண்டும். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. பெயரே இவ்வாறெல்லாம் செய்வித்தது என்று சொல்ல நான் சோதிடனல்லன். ஒப்புமையைக் கண்டு வியந்தேன், அவ்வளவே.

வேலூரிலே அவரை மக்கள் குடும்பப் பெயராற் குறிப்பிடவில்லை. 'டாக்டர் ஐடா' என்பதே வழக்கம். 'டாக்டர் ஐடா, இந்தியா' என்று மட்டும் முகவரியிட்ட கடிதமொன்று அவர் கையிற் சேர்ந்ததென்பர். அவருடைய சகோதரர் மகளும் ஐடா என்ற பெயருடன் அங்கே கதிரியக்க மருத்துவராய்ப் பணியாற்றியமையால், இருவரையும் வேறுபடுத்தி அழைக்க நேர்ந்தது. மூத்த ஐடா 1960 மே மாதம் கொடைக்கானலிற் காலமானார். வேலூர் மருத்துவமனைக்கு முன்னுள்ள வீதி ஐடா ஸ்கடர் சாலை எனப்படுகிறது. நம்மவரிலே எத்தனையோ குடும்பங்கள் பெரிய வருத்தமென்றால் வேலூருக்கே புறப்படுகின்றன. அச்சாலையில் விடுதி தேடி, மருந்துத் துண்டோடு அலைந்து, நலமாய்த் திரும்பியோர் அரியாலையிலும் உண்டு, திரும்பாதோரும் உண்டு.

மாணவியின் வீட்டுக்குச் சென்று விசாரித்தேன். அது அவளுடைய பூட்டியின் பெயராம். வேலூரிலே பயின்று வந்த தாதி ஒருவர், கால் முன்னே வந்த பிள்ளையைப் பத்திரமாய் எடுத்துத் தாயையும் பிழைக்கச் செய்தார். அந்நன்றிக்காக அத்தாதி சொல்லிய பெயரையே பிள்ளைக்கு இட்டனர். பெயரின் பொருள் அவ்வீட்டில் எவருக்கும் தெரியாது. பெயர் வந்த வழி எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அடுத்த கிழமை மீண்டும் அவ்வகுப்புக்குச் சென்று, நான் முன்னர் கூறியது பிழையென்று ஒப்புக்கொண்டு, இங்கே சொன்னவற்றையெல்லாம் அங்கேயும் சொன்னேன். பின்வாங்கில் அமைதியாயிருந்தது. அவள் தன் குறிப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேசையருகே வந்தாள். ஒரு பக்கம் முழுவதிலும் கிரீத் தீவின் படத்தை வரைந்து, நடுவிலே மலைக்கு நீலவண்ணம் தீட்டியிருந்தாள்.

"அப்ப இந்த மலையை வெட்டிவிடவோ, சேர்?" என்றாள்.

மலை அழகாயிருக்கிறது, இருக்கட்டும்; கீழே பொருளை மட்டும் திருத்தி எழுது என்றேன்.