போடு (வினைச்சொல்)

போடு என்பது தமிழ்ப் பேச்சில் மிகுதியாக வழங்கும் வினைகளுள் ஒன்று. கையிலுள்ளதை விழச்செய்தல், ஒன்றினுள் சேர்த்தல் ஆகியவை இதன் அடிப்படைப் பொருள்கள். முன்னால் நிற்கும் பெயருக்கு ஏற்பப் பிற பொருள்கள் அமைகின்றன.

வடிவம்

இது நெடில்தொடர்க் குற்றியலுகரச் சொல். இறந்தகாலத்தில் டகரம் இரட்டிக்கும்: போட்டான். மற்றக் காலங்களில் இரட்டிக்காது: போடுகிறான், போடுவான். நீக்குதலைக் குறிக்கும் ‘போகடு’ என்ற பழைய வினையின் திரிபாகக் கருதப்படுகிறது.

பொருள்கள்

தியாகதுருகம், கள்ளக்குறிச்சிப் பகுதி உழவர் பேச்சில் இதன் விரிவு தெளிவாகத் தெரியும். ‘கரும்பு போட்டிருக்கிறோம்’, ‘மரவள்ளி போட்டிருக்கிறோம்’ என்றால் பயிரிடுதல். அதே நிலத்தில் உரம் போடுவது இடுதல். போர் (ஆழ்துளைக் கிணறு) போடுவது துளைத்தல். வேலி போடுவது அமைத்தல். ஆடு குட்டி போடுவது ஈனுதல்.

வீட்டில் சட்டை போடுவது அணிதல், வெற்றிலை போடுவது மெல்லுதல், டீ போடுவது தயாரித்தல், விளக்குப் போடுவது எரியச்செய்தல். சோறு போடுவது உணவளித்தல். பட்டினி போடுவது உணவு கொடாதிருத்தல். பணம் போடுதல் வங்கியில் சேமிப்பையும் தொழிலில் முதலீட்டையும் குறிக்கும். நாமம் போடுதல் நெற்றியில் திருமண் இடுதல். ஏமாற்றுதல் என்ற பொருளும் உண்டு. சண்டை, சத்தம், ஓட்டு, வழக்கு, திட்டம் போன்ற பெயர்களோடு சேரும்போது அந்தந்தச் செயலைச் செய்தல் என்று பொருள்படும்.

துணைவினை

‘சாவியைத் தொலைத்துப்போட்டான்’ என்பதில் செயல் முடிந்ததோடு பேசுபவரின் வருத்தமும் வெளிப்படுகிறது. ஈழத் தமிழில் ‘சாப்பிட்டுப்போட்டு வாறன்’ என்பது செயல் முடிவை மட்டும் காட்டும்.

போடுவும் இடுவும்

எழுத்துத் தமிழ் பல இடங்களில் ‘இடு’ என்பதை விரும்புகிறது: கையெழுத்திடு, உரமிடு, கோலமிடு. ஆயினும் சட்டை, டீ, ஆழ்துளைப் போர் ஆகியவற்றோடு ‘இடு’ பொருந்தாது. ஆகவே ‘போடு’ கொச்சை அன்று. தனக்கென எல்லை உடைய வினை.

அகராதிகளில்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் (1924–36) இச்சொல்லைப் பதிவுசெய்துள்ளது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி (1992) சொற்பொருளை எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு விளக்கும் முறையைக் கையாண்டது. கள்ளக்குறிச்சிப் பகுதியை உள்ளடக்கிய நடுநாட்டின் பேச்சுக்குக் கண்மணி குணசேகரன் தொகுத்த நடுநாட்டுச் சொல்லகராதி உள்ளது. போடு போன்ற வினைக்குப் பொருளை மட்டும் வரிசைப்படுத்துவது போதாது. எந்தப் பெயரோடு, எந்த வட்டாரத்தில், எப்பொருளில் வழங்குகிறது என்பதையும் சேர்த்துத் தருவதே முழுமையான பதிவு.