கைபேசிச் சோதனை: காவல்துறையின் அதிகாரமும் அதன் எல்லையும்

கைபேசி, மடிக்கணினி, வன்தட்டு, நினைவட்டை போன்ற தனிமனிதரின் மின்னணுக் கருவிகளைக் காவல்துறை பறிமுதல் செய்வதற்கும் திறந்து பார்ப்பதற்கும் சட்டம் வைத்திருக்கும் வரம்புகளைப் பற்றியது இக்கட்டுரை. இந்தியாவில் இதற்கென்று தனிச்சட்டம் கிடையாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய சோதனைப் பிரிவுகள், அரசமைப்புச் சட்டத்தின் 20(3), 21 ஆம் உறுப்புகள், நீதிமன்றத் தீர்ப்புகள் சில ஆகியவற்றை ஒட்டுப்போட்டுத்தான் அந்த வரம்பை அறிய வேண்டியிருக்கிறது. கைபேசிச் சோதனைக்கு விரிவான வழிகாட்டுதல்களை வகுத்த முன்னோடித் தீர்ப்பு 2021இல் கர்நாடக உயர்நீதிமன்றத்திலிருந்து வந்தது. அந்த நீதிமன்றத்தின் ஆளுகைக்குள் அடங்கும் கோலார் தங்கவயலுக்கோ, சோதனை என்ற சொல் நூறு ஆண்டுக்கு மேலாகப் பழகியது. வரலாற்றை அங்கிருந்து தொடங்குவதே பொருத்தம்.

சுரங்க வாசலில்

1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் தங்கவயலில் கால் வைத்தது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த தமிழர்கள், பெரும்பாலும் தலித்துகள், சாம்பியன் ரீஃப், நந்திதுர்க், மைசூர், ஊரிகாம் சுரங்கங்களில் இறங்கினார்கள். ஷிப்ட் முடிந்து மேலே வந்தவர்களின் உடலையும் உடைகளையும் தடவிப் பார்த்த பிறகே வெளியே விட்டார்கள். தங்கம் கலந்த பொருள் ஒருவரிடம் இருந்தால், அது நேர்மையாக வந்தது என்று அவரே காட்ட வேண்டும் என்ற நிலையை மைசூர் சமஸ்தானத்தின் சுரங்கச் சட்டம் உண்டாக்கியது. குற்றத்தை நிறுவும் சுமை அரசுக்கு உரியது. தங்கவயலில் அது தொழிலாளியின் தோளுக்கு மாறியது.

1930இல் தொழிலாளர்களின் விரல்ரேகையை எடுத்துப் பதிவுசெய்ய நிர்வாகம் முற்பட்டபோது, சுரங்கங்கள் வேலைநிறுத்தத்தில் நின்றுபோயின. அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. 1897இல் கல்கத்தாவில் தொடங்கிய விரல்ரேகைக் கூடம் குற்றவாளிகளை அடையாளம் காண்பதற்கானது. 1920இல் வந்த சட்டத்தின் பெயரே கைதிகளை அடையாளம் காணும் சட்டம். கூலிக்கு உழைக்கிறவனிடம் ரேகை கேட்பது, குற்றம் செய்யுமுன்பே அவனைக் கைதிகளின் ஏட்டில் ஏற்றுவதாகத்தான் பட்டிருக்கும். தம் உடலின் ஒரு பகுதியைப் பதிவேட்டுக்குத் தர மறுத்து இந்தியத் தொழிலாளர்கள் நடத்திய போராட்டங்களில் இதை முக்கியமானதாக வைக்க வேண்டும். தொழிற்சங்க வரலாற்றில் இடம்பெறும் இந்நிகழ்வு, அந்தரங்க உரிமையின் வரலாற்றில் பேசப்படுவதே இல்லை.

இழிவானதுதான் என்றாலும், அந்த வாசற்சோதனைக்கு ஒரு முடிவு இருந்தது. தங்கம் இருந்தால் சிக்கும். இல்லையென்றால் லைன் வீட்டுக்குப் போய்ச் சேரலாம். இந்தியச் சோதனைச் சட்டம் முழுவதுமே இப்படி ஒரு பொருளைத் தேடுவதை மனதில் வைத்து எழுதப்பட்டது: திருட்டு நகை, கள்ளச் சாராயம், போலிக் கணக்குப் புத்தகம். கைபேசியில் தேடுவதற்கு அந்த முடிவு இல்லை. வீடு, அலுவலகம், வங்கிக் கணக்கு, மருத்துவச் சீட்டு, பத்து வருடப் பேச்சு, போய்வந்த இடங்கள் எல்லாம் உள்ளங்கை அளவில் கிடக்கின்றன. இதில் மற்றவர்களின் வாழ்க்கையும் சேர்ந்தே கிடக்கிறது.

பழைய சட்டத்தின் பிரிவுகள்

2024 ஜூன் வரை நடைமுறையிலிருந்த 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதற்குத் தொடர்பான பிரிவுகள் நான்கைந்து இருந்தன. 91ஆம் பிரிவு பொருளைக் கொண்டுவந்து தரச் சொல்வது; 93ஆம் பிரிவு நீதிமன்றத்தின் சோதனை வாரண்ட்; 100ஆம் பிரிவு சாட்சிகளை வைத்துச் சோதனையிட்டுப் பட்டியல் எழுதுவது; 102ஆம் பிரிவு சந்தேகப்படும் பொருளைக் கைப்பற்றுவது; 165ஆம் பிரிவு, வாரண்ட் வாங்க நேரமில்லாதபோது காரணத்தை எழுதிவைத்துவிட்டுச் சோதனையிடுவது. தெருவில் நிறுத்திக் கைபேசியை வாங்கிய காவலர் வழக்கமாக 102ஐத்தான் சுட்டினார். அந்தப் பிரிவு பொருளைக் கைப்பற்ற அதிகாரம் தந்தது. உள்ளே இருப்பதைப் படிக்கும் அதிகாரம் அதனோடு தானாகவே வந்துவிடுமா என்று அது சொல்லவில்லை. பூட்டிய பெட்டியைக் கைப்பற்றுவதும் பெட்டிக்குள் இருக்கும் கடிதங்களை ஒவ்வொன்றாகப் படிப்பதும் ஒரே செயலாகாது.

2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 80ஆம் பிரிவு, அச்சட்டக் குற்றங்களுக்காகப் பொது இடத்தில் வாரண்ட் இல்லாமல் சோதனையிட இடம் தருகிறது. அந்த அதிகாரம் முதலில் டிஎஸ்பிக்கு இருந்தது. 2008 திருத்தத்தில் இன்ஸ்பெக்டருக்கு இறங்கியது. குறியாக்கத்தை அவிழ்த்துத் தர மறுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை என்கிறது 69ஆம் பிரிவு. அதற்கு அரசின் எழுத்துமூல ஆணை வேண்டும்.

2001 பிப்ரவரி 28இல் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் இந்தியாவின் முதல் சைபர் குற்றக் காவல் நிலையம் பெங்களூரில் அறிவிக்கப்பட்டது. வேலையிழந்த குடும்பங்களின் பிள்ளைகள் மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலேறி நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள அந்தப் பெருநகரத்துக்குப் பிழைக்கப் போனார்கள். இன்று அவர்கள் எல்லாருடைய சட்டைப்பையிலும் சோதனைச் சட்டம் தேடும் கருவி இருக்கிறது.

அந்தரங்கம் உரிமையான கதை

1954இல் எம்.பி. சர்மா வழக்கில் எட்டு நீதிபதிகள் அமர்ந்த உச்ச நீதிமன்றம், நியாயமற்ற சோதனையைத் தடுக்கும் அமெரிக்காவின் நான்காம் திருத்தம் போன்ற பாதுகாப்பு நம் அரசமைப்பில் இல்லை, அதைச் சோதனை அதிகாரத்துக்குள் புகுத்த முடியாது என்றது. 1961இல் காத்தி காலு ஓகத் வழக்கில் பதினொரு நீதிபதிகள், விரல்ரேகையும் கையெழுத்து மாதிரியும் தருவது, 20(3)ஆம் உறுப்பு தடுக்கும் வகையில் தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்வதாகாது என்றார்கள். ரேகை மாறாதது, ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் உதவுவது, அது தானாக எதையும் சொல்லாது என்பது அவர்களின் வாதம். 1978இல் நந்தினி சத்பதி வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், காவல் நிலையத்து விசாரணையிலேயே வாய்மூடி இருக்கும் உரிமை தொடங்கிவிடுகிறது என்று நிலைநாட்டினார்.

2010 மே 5இல் செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில் தீர்ப்பு வந்தது. சம்மதமில்லாமல் உண்மைகண்டறியும் மருந்து ஏற்றுவதும், பொய்கண்டறியும் கருவியில் உட்காரவைப்பதும், மூளையின் அலைகளை அளப்பதும் அரசமைப்புக்கு முரண் என்றது கே.ஜி. பாலகிருஷ்ணன், ஆர்.வி. ரவீந்திரன், ஜே.எம். பஞ்சால் அமர்வு. உடலிலிருந்து எடுப்பது வேறு, மனத்திலிருந்து எடுப்பது வேறு என்று அது கோடு கிழித்தது. கைபேசி பற்றி அதில் ஒரு வாதமும் நடக்கவில்லை. ஆனாலும் பின்னால் வந்த எல்லாக் கைபேசி வழக்குகளும் அந்தக் கோட்டின் மேல்தான் நிற்கின்றன.

கே.எஸ். புட்டசாமி கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி. 2012இல், எண்பதைக் கடந்த வயதில், ஆதார் திட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 2017 ஆகஸ்ட் 24இல் ஒன்பது நீதிபதிகளும் ஒரே முடிவாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள், எம்.பி. சர்மா தீர்ப்பு அந்த அளவில் செல்லாது என்றார்கள். அரசு அந்த உரிமையில் கைவைக்க வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், தக்க நோக்கம் இருக்க வேண்டும், எடுக்கும் நடவடிக்கை நோக்கத்துக்கு மேல் போகக் கூடாது. 2024 அக்டோபரில் தம் 98ஆம் வயதில் புட்டசாமி காலமானார்.

அமெரிக்காவில் இதற்குள் வழி தெளிவாகியிருந்தது. சான் டியகோவில் பதிவு காலாவதியான காரோடு பிடிபட்ட ஒருவரின் கைபேசியைப் போலீசார் நோண்டிய வழக்கில், 2014 ஜூன் 25இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, கைதானவரின் பையைத் துழாவுவதுபோல் கைபேசியைத் துழாவ முடியாது, வாரண்ட் வாங்கி வர வேண்டும் என்றார்கள்.

2021 கர்நாடகத் தீர்ப்பு

பெங்களூரில் நடந்த போதைப்பொருள் வழக்கொன்றில் குற்றம் சாட்டப்பட்டவர் கைபேசியின் பூட்டைத் திறந்துதர வேண்டும் என்றும், பொய்கண்டறியும் சோதனைக்கு உட்பட வேண்டும் என்றும் கீழ்நீதிமன்றம் உத்தரவிட்டது. அதை எதிர்த்த ரிட் மனுவை விசாரித்த நீதிபதி சூரஜ் கோவிந்தராஜ் 2021 மார்ச் 12இல் தீர்ப்பளித்தார். சம்மதம் பெறாத பொய்கண்டறியும் சோதனை செல்வி தீர்ப்பின்படி கூடாது. கைபேசியையோ மின்னஞ்சலையோ சோதிக்க வாரண்ட் வேண்டும். வாரண்ட் இல்லாத அவசர நிலையில் 165ஆம் பிரிவின்படி காரணம் எழுதப்பட வேண்டும். விசாரணை அதிகாரி கடவுச்சொல்லைக் கேட்கலாம். தராவிட்டால் நீதிமன்றத்தை நாடலாம். அப்போதும் தராவிட்டால் வல்லுநர்களைக் கொண்டு பூட்டை உடைக்கலாம். கிடைத்த அந்தரங்கத் தகவலை வழக்குக்குத் தொடர்பில்லாத வெளியாருக்குக் கொடுத்தால் அதிகாரியே பொறுப்பு.

அந்தத் தீர்ப்பின் நடைமுறைப் பகுதி இன்னும் பயன்படக்கூடியது. அணைந்திருக்கும் கணினியை இயக்கக் கூடாது. இருந்த நிலையில் படம் எடுக்க வேண்டும். வலைத்தொடர்பைத் துண்டிக்க வேண்டும். அலைபுகாத பையில் கைபேசியைப் போட வேண்டும். தடயவியல் அறிந்தவர் உடனிருக்க வேண்டும். தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டை காவல் நிலையத்தையும் கட்டுப்படுத்துவது இதுவே. அந்த ஊர் வழக்கறிஞர்கள் இந்த வரிகளை மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது.

அதன் ஒரு முடிவு மட்டும் ஏற்கத்தக்கதாக இல்லை. கடவுச்சொல் தருவது விரல்ரேகை தருவதைப் போன்றது, ஆகவே சாட்சியம் ஆகாது என்றது நீதிமன்றம். 1961இல் ரேகை ஒருவர் யார் என்பதை மட்டுமே சொன்னது. கடவுச்சொல்லோ நினைவில் இருப்பது. அதைச் சொன்னவுடன் அவருடைய முழு வாழ்வும் திறந்துகொள்கிறது. 2022 அக்டோபரில் டெல்லியின் சிபிஐ சிறப்பு நீதிமன்றம், கடவுச்சொல் மனத்தின் அறிவிலிருந்து வருவதால் கட்டாயப்படுத்த முடியாது என்று எதிர்முடிவு எடுத்தது. 2023 டிசம்பரில் டெல்லி உயர்நீதிமன்றமும் அந்தப் பக்கமே சாய்ந்தது.

கர்நாடகத் தீர்ப்பு வந்த ஏழாவது மாதத்தில், 2021 அக்டோபரில், ஹைதராபாத் சாலைகளில் இருசக்கர வண்டிகளை நிறுத்திய போலீசார் இளைஞர்களின் வாட்ஸ்அப்பில் ‘கஞ்சா’ என்ற சொல்லைத் தேடிய காணொளிகள் பரவின. ஒரு மாநில உயர்நீதிமன்றத்தின் விதி அடுத்த மாநிலத்தின் காவலரைக் கட்டாது.

சான்று கெடும் இடம்

சோதனைச் சட்டத்தின் பெரிய ஓட்டை 1973 டிசம்பரில் பூரண்மல் வழக்கில் விழுந்தது. முறைகேடான சோதனையில் கிடைத்தது என்பதற்காகவே ஒரு சான்றை ஒதுக்க வேண்டியதில்லை என்றது உச்ச நீதிமன்றம். வரம்பை மீறியவருக்கு வழக்கில் இழப்பில்லை என்றால், வரம்பு வெறும் காகிதமாகிவிடும். காகிதக் கணக்குப் புத்தகம் கைமாறும்போது பெரிதாகக் கெடாது. மின்னணுக் கருவியில் ஒருமுறை திறந்து மூடினாலே நூற்றுக்கணக்கான கோப்புகளின் நேரக்குறிப்பு மாறும். அதனால்தான் பறிமுதல் செய்யும் இடத்திலேயே ஹாஷ் மதிப்பு எனப்படும் எண்முத்திரையை எடுத்து, உரியவரிடம் ஒரு பிரதி தர வேண்டும் என்று வல்லுநர்கள் வற்புறுத்துகிறார்கள்.

திருச்சி மாவட்டத்தில் பிறந்த இயேசு சபைத் துறவி ஸ்டான் சுவாமி, பெங்களூரில் இந்திய சமூக நிறுவனத்தின் இயக்குநராகப் பத்தாண்டுக்கு மேல் இருந்தவர். பீமா கோரேகாவ் வழக்கில் 2018 ஆகஸ்டிலும் 2019 ஜூன் 12இலும் ராஞ்சியில் அவருடைய இருப்பிடத்தில் புணே போலீசார் சோதனையிட்டுக் கருவிகளை எடுத்துச் சென்றார்கள். 2020 அக்டோபரில் 83 வயதில் கைதானார். 2021 ஜூலை 5இல் காவலில் இருந்தபடியே மும்பை மருத்துவமனையில் இறந்தார். 2022 டிசம்பரில் அமெரிக்கத் தடயவியல் நிறுவனமான ஆர்சனல் கன்சல்டிங், அவருடைய கணினியில் தீநிரல் வழியாக ஆவணங்கள் வைக்கப்பட்டன என்றும், இரண்டாம் சோதனைக்கு முந்தைய இரவில் அந்தத் தடயங்களை அழிக்கும் வேலை நடந்தது என்றும் அறிக்கை தந்தது. அந்த அறிக்கையை விசாரணையில் எடைபோடும் வாய்ப்பு அவருக்கு வரவேயில்லை.

அண்மைக் காலம்

2021இல் ராம் ராமசாமி உள்ளிட்ட கல்வியாளர்கள் ஐவர், கருவிகளைப் பறிமுதல் செய்வதற்கு நெறிமுறை வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் மனு தந்தார்கள். ஊடகவியலாளர் அமைப்பொன்றும் பின்னர் அதே கோரிக்கையோடு வந்தது. 2023 அக்டோபரில் டெல்லியில் நியூஸ்கிளிக் ஊழியர்களின் கைபேசிகளும் மடிக்கணினிகளும் மொத்தமாக அள்ளப்பட்ட மறுமாதம், நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் தலைமையிலான அமர்வு, விசாரணை அமைப்புகளுக்கு வரம்பற்ற அதிகாரம் இருப்பது ஆபத்து என்று கூறி வழிகாட்டுதல்களைக் கேட்டது. டிசம்பரில் மத்திய அரசு, அதுவரை சிபிஐ கையேட்டைப் பின்பற்றுவதாக உறுதியளித்தது.

தமிழ்நாட்டிலும் இக்கேள்வி சூடுபிடித்திருக்கிறது. லாட்டரி அதிபர் சாண்டியாகோ மார்ட்டினிடம் கைப்பற்றிய கருவிகளைத் திறக்கவும் பிரதியெடுக்கவும் அமலாக்கத்துறைக்கு 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அண்ணா பல்கலைக்கழகப் பாலியல் வன்கொடுமை வழக்கின் முதல் தகவல் அறிக்கை கசிந்ததை விசாரித்த சிறப்புக் குழு செய்தியாளர்களின் கைபேசிகளை வாங்கி வைத்துக்கொண்டது. 2025 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஜி.கே. இளந்திரையன் அவற்றைத் திருப்பித் தர ஆணையிட்டார். எளிய மனிதரின் கைபேசி இந்த நீதிமன்றங்கள் வரை போகாது. அது மகஜரில் ஒரு வரியாக எழுதப்பட்டு, வழக்கு முடியும்வரை பண்டக அறையில் கிடக்கும். தினக்கூலிக்காரருக்கு வேலை தேடித்தந்ததும் கூலி வந்துசேர்ந்ததும் அந்தக் கருவியின் வழியாகத்தான்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு, சோதனையையும் பறிமுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யக் கட்டாயப்படுத்துகிறது. இது முன்னேற்றம். அதே சட்டத்தின் 94ஆம் பிரிவு, மின்னணுச் சான்று இருக்கக்கூடிய தகவல்தொடர்புக் கருவிகளைத் தரச் சொல்லும் அதிகாரத்தை வெளிப்படையாகவே எழுதிவைத்தது. கேட்கலாம் என்று எழுதியவர்கள், எதைப் பார்க்கலாம், எவ்வளவு நாள் வைத்திருக்கலாம், எப்போது அழிக்க வேண்டும் என்பதை எழுதவில்லை. 1920ஆம் ஆண்டுக் கைதிகள் சட்டத்தின் இடத்தில் வந்த 2022ஆம் ஆண்டு அடையாளச் சட்டம் ரேகையோடு கருவிழியையும் சேர்த்துக்கொண்டது. இன்றைய கைபேசி விரலாலும் முகத்தாலும் திறப்பது. அடையாளத்துக்காகப் பெறும் விரலைப் பூட்டின் மேல் வைக்கச் சொல்லலாமா என்பதில் உச்ச நீதிமன்றத்தின் முடிவு இன்னும் வரவில்லை.