தில்லையில் மீண்ட ஏடுகள்

கல்லோடு பிணித்துக் கடலில் எறியப்பெற்ற திருநாவுக்கரசர் கரையேறிய தலம் திருப்பாதிரிப்புலியூர் என்பர். இன்று அது கடலூர் நகரின் ஒரு பகுதி. அவரைக் கடல் விழுங்கவில்லை. அவர் பாடிய பதிகங்களிற் பலவற்றையோ வேறொரு பகை விழுங்கியது. அப்பகை கறையான்.

தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் அறையொன்றிற் காப்பிடப்பெற்றுக் கிடந்தன என்று திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. திருநாரையூர் நம்பியாண்டார் நம்பியுடன் சோழ மன்னன் ஒருவன் அவற்றைத் தேடிச் சென்றான். அவனை முதலாம் இராசராசன் என்பர் பலர். பாடிய மூவரும் வந்தாலன்றி அறை திறவாது என்றனர் தில்லைவாழ் அந்தணர். மன்னன் மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து அறையைத் திறப்பித்தான். உள்ளே புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து புற்றை நீக்கி, அழியாத ஏடுகளைப் பிரித்தெடுத்தனர். இன்று நமக்குள்ளவை ஏறக்குறைய 800 பதிகங்கள். நம்பி அவற்றை ஏழு திருமுறைகளாக வகுத்தார். சொல் கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. விருத்தாசலத்தை அடுத்த எருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தி பண்களை வகுத்துத் தந்தார்.

இப்புராணம் நிகழ்ச்சிக்குச் சில நூற்றாண்டுகள் பிற்பட்டது. ஆதலின் இதனை அப்படியே வரலாறாகக் கொள்ளலாமோ என்று மாணவர் வினவுதல் முறையே. திருவல்லத்துப் பல்லவர் காலக் கல்வெட்டொன்று, ஒன்பதாம் நூற்றாண்டிலேயே கோயிலில் திருப்பதியம் பாடுவோர் இருந்தமையைக் காட்டுகிறது. எனவே, பதிகங்கள் உலகில் முற்றும் மறைந்துவிடவில்லை. ஏட்டில் அழிந்தவற்றுட் சில நாவில் வாழ்ந்திருத்தல் கூடும். இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் அவற்றைப் பாட 48 பிடாரர்களை நியமித்தது, பூட்டிவைத்தலினும் பாடிவருதலே காப்பு என்பதை அவன் உணர்ந்திருந்தான் என எண்ணச் செய்கிறது.

ஏட்டிலும் நாவிலும் தப்பிய ஒன்றைக் கல் காத்ததும் உண்டு. திருஞானசம்பந்தரின் திருவிடைவாய்ப் பதிகம் ஏட்டுச் சுவடிகளில் இடம்பெறவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அவ்வூர்க் கோயிற் கல்வெட்டிலிருந்து அது மீட்கப்பெற்றது. யாரோ ஒருவர் என்றோ பொறித்து வைத்த படி, பல நூற்றாண்டு கழித்து அந்த ஒரு பதிகத்தை நமக்குத் திருப்பித் தந்தது.

இன்று கணிப்பொறிச் சேமிப்பகங்கள் குறித்த நேரங்களில் தம் நிலையைப் பதிந்து வைக்கின்றன. அழிந்த கோப்பு ஒன்றை மட்டும் அப்பதிவிலிருந்து மீட்கலாம். ஆயினும் பதிவும் மூலமும் ஒரே இடத்திலிருந்தால், ஒரே கறையான் இரண்டையும் தின்றுவிடும். தில்லை அறை நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே: படி ஒன்று போதாது, அது வேறிடத்தில் இருத்தல் வேண்டும், அவ்வப்போது திறந்து பார்த்தலும் வேண்டும்.