மணிக்கட்டுக் குகை நோயும் அமைலாய்டு நோயும்

மணிக்கட்டின் உள்பக்கம், எலும்புகளுக்கும் கெட்டியான ஒரு நார்ப்பட்டைக்கும் நடுவே உள்ள குறுகிய வழியில் ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் செல்கின்றன. அந்த நரம்பு நசுங்கினால் பெருவிரல் முதல் மோதிர விரல் வரை மரத்துப்போகும். நடுராத்திரியில் எழுந்து கையை உதறவேண்டி வரும். ‘கார்பல் டனல்’ என்று மருத்துவமனைகளில் சொல்லப்படுவது இதுதான். பெரும்பாலோருக்கு இது கையோடு நின்றுவிடுகிறது. சிலருக்கோ, மடிப்புப் பிறழ்ந்த புரதங்கள் இழைகளாகி உறுப்புகளில் படியும் அமைலாய்டு நோயின் முதல் அடையாளமாக வருகிறது.

அமைலாய்டு படிவை ருடால்ஃப் விர்ச்சோவ் 1854இல் அயோடின் கொண்டு சோதித்து, மாவுப்பொருள் இனம் என்று கருதினார். அது புரதம் என்பது 1859இல் தெரியவந்தது. பரம்பரை அமைலாய்டு நோயை 1952இல் போர்ச்சுகல் மருத்துவர் கொரினோ அந்த்ராதே விவரித்தார். அங்கே மரமரப்பு காலில் தொடங்கியது. 1956இல் ருக்காவினா குழுவினர் அமெரிக்காவின் இண்டியானாவில், சுவிஸ் வம்சாவளிக் குடும்பம் ஒன்றில் அதே நோய் கையில் தொடங்குவதைக் கண்டனர். மணிக்கட்டுக்கும் உடல் முழுதும் பரவும் நோய்க்குமான தொடர்பு அப்போதே எழுத்தில் பதிவாகிவிட்டது. ஆனால் அரிய குடும்பங்களின் சங்கதியாகவே அது நெடுங்காலம் ஒதுக்கப்பட்டது வருத்தத்திற்குரியது.

அடுத்த தடயம் டயாலிசிஸ் பிரிவுகளிலிருந்து கிடைத்தது. பல ஆண்டுகள் டயாலிசிஸ் செய்துகொண்டவர்களுக்கு இந்தக் கைநோய் அடிக்கடி வந்தது. அறுவையில் எடுத்த திசுவை 1985இல் ஆராய்ந்த ஜப்பானிய கெஜியோ குழு, சிறுநீரகம் வெளியேற்றத் தவறிய பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்னும் புரதம் அங்கே படிந்திருப்பதைக் கண்டறிந்தது.

மரபணுக் கோளாறோ சிறுநீரக நோயோ இல்லாத முதியவர்களிடமும் கல்லீரல் சுரக்கும் டிரான்ஸ்தைரெட்டின் புரதம் படியக்கூடும். இதுவே இன்று அதிகம் கவனிக்கப்படுவது. 2018இல் கிளீவ்லேண்ட் கிளினிக் ஆய்வில், கார்பல் டனல் அறுவை செய்துகொண்ட 50 வயது கடந்த ஆண்களும் 60 வயது கடந்த பெண்களுமாக 98 பேரின் தசைநாண் உறைத் திசு, காங்கோ சிவப்புச் சாயமேற்றிப் பார்க்கப்பட்டது. அமைலாய்டு இருந்தால் முனைவுற்ற ஒளியில் ஆப்பிள் பச்சையாக மின்னும். 10 பேரிடம் மின்னியது. இருவருக்கு இதயமும் பாதிக்கப்பட்டிருந்தது.

இதயத்தில் படிவு தென்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கை மரத்துவிடுவதுண்டு. இரு கைகளிலும் வருவது கூடுதல் சந்தேகத்துக்குரியது. அறுவையில் எப்படியும் வெட்டித் திறக்கும் இடத்தில் சிறிது திசு எடுத்துச் சோதிப்பது பெரிய சுமையல்ல. ஆனாலும் அது எல்லா இடங்களிலும் வழக்கமாகவில்லை. 2018இல் மருத்துவச் சோதனை முடிவு வெளியான டஃபாமிடிஸ் மருந்து டிரான்ஸ்தைரெட்டின் பிரிந்து சிதைவதைத் தடுக்கிறது, படிந்துவிட்டதைக் கரைப்பதில்லை. எலும்பு மஜ்ஜை செல்களிலிருந்து வரும் ஏ.எல். என்னும் மற்றோர் அமைலாய்டு வகைக்கு மருத்துவமே வேறு என்பதால், படிந்திருப்பது எந்தப் புரதம் என்பதையும் சோதித்து உறுதிசெய்ய வேண்டும்.