கடைசியாகப் பேசியவர் முதலில்

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள லட்சக்கணக்கானவர்கள் கூகுளைத் திறந்தார்கள். கூகுளிடம் பதில் இல்லை. புதிய செய்தி வேண்டுமென்றால் டிவியையோ ரேடியோவையோ நாடுங்கள் என்று முகப்புப் பக்கத்திலேயே ஒரு குறிப்பைப் போட்டு வைத்தார்கள். அந்தக் காலத்தின் ஆகச்சிறந்த தேடுபொறி, ‘எங்கிட்ட கேட்காதீங்க, டிவியைப் போடுங்க’ என்று ஒப்புக்கொண்ட நாள் அது.

காரணம் அதன் அடிப்படையிலேயே இருந்தது. லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998இல் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறை, ஒரு பக்கத்தின் மதிப்பை அதைச் சுட்டும் மற்ற பக்கங்களை வைத்துக் கணக்கிட்டது. ஊரில் நாலு பெரிய மனுஷங்க ஒருத்தரை நல்லவர் என்று சொன்னால் நாமும் நம்புவோம் இல்லையா, அதே கணக்குதான். ஆனால் நாலு பேர் வந்து சொல்ல நேரம் பிடிக்கும். பத்து நிமிடம் முன்பு நடந்ததைப் பற்றிய பக்கத்தை யாரும் இன்னும் சுட்டியிருக்க மாட்டார்கள். போதாததற்கு, கூகுள் தன் அட்டவணையை அப்போது ஏறக்குறைய மாதம் ஒருமுறைதான் புதுப்பித்தது.

இந்த ஓட்டையை முதலில் அடைக்கப் பார்த்தவர் கிருஷ்ண பரத். ஐஐடி மெட்ராஸில் படித்து கூகுளில் பணியாற்றியவர். செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, ஒரே நிகழ்வைப் பற்றிய பல செய்திகளை ஒன்றாகத் தொகுத்துக் காட்டும் நிரலை எழுதினார். 2002இல் அது கூகுள் நியூஸ் ஆனது. தாமதம் வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் தேடலுக்கும் சம்பவத்துக்கும் நடுவில் ஒரு நிருபர் இருந்தார், ஒரு ஆசிரியர் இருந்தார். அவர்கள் எழுதிய பிறகே கூகுளுக்குத் தெரியும்.

அந்த நடுவாட்கள் இல்லாத தேடல் கூகுளிலிருந்து வரவில்லை. 2006இல் தொடங்கிய ட்விட்டரில் ஆரம்பத்தில் உருப்படியான தேடல் வசதியே கிடையாது. சமைஸ் என்ற ஒரு சின்ன நிறுவனம் வெளியிலிருந்து அதைச் செய்து காட்டியது. 2008 ஜூலையில் ட்விட்டர் அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டது.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் இதில் பெரிய மாயம் ஒன்றுமில்லை. எந்தத் தேடுபொறியிலும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பட்டியல் இருக்கும். அந்தச் சொல் எந்தெந்தப் பக்கங்களில் வருகிறது என்று அது சொல்லும். ட்விட்டர் தேடல் அந்தப் பட்டியலை நேர வரிசையில் வைத்து, புதியதிலிருந்து எடுத்துக் காட்டியது. அவ்வளவுதான். சொன்னவர் யார், அவரை எத்தனை பேர் நம்புகிறார்கள் என்ற கணக்கெல்லாம் இல்லை. கடைசியாகப் பேசியவர் முதலில் வருவார். அதுதான் விதி.

2009இல் இந்த விதியின் பலம் தெரிந்தது. ஜனவரி 15 அன்று 155 பேருடன் ஒரு விமானம் ஹட்சன் ஆற்றில் இறங்கியபோது, மீட்கப் போன படகில் இருந்த ஒரு பயணி எடுத்த படம் ட்விட்டர் வழியாக உலகைச் சுற்றியது. ஜூனில் ஈரான் தேர்தலை எதிர்த்து மக்கள் தெருவுக்கு வந்தார்கள். ட்விட்டர் திட்டமிட்டிருந்த பராமரிப்புப் பணியைத் தள்ளிவைக்கும்படி அமெரிக்க வெளியுறவுத்துறையே கேட்டுக்கொண்டது. அதே மாதம் மைக்கேல் ஜாக்சன் இறந்த அன்று, அவர் பெயரைத் தேடி வந்த கூட்டத்தைப் பார்த்து கூகுள் நியூஸ் மிரண்டுபோனது. இது ஏதோ வைரஸ் தாக்குதல் என்று நினைத்து, தேடியவர்களுக்குச் சிறிது நேரம் பிழைச் செய்தியைக் காட்டியது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு தரப்பும் உண்டு: விளம்பரத் துறை. கூகுளில் முதல் பக்கத்துக்கு வர மாதக்கணக்கில் உழைக்க வேண்டும், சுட்டிகள் சேர்க்க வேண்டும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. மக்கள் தேடுகிற சொல்லைச் சேர்த்து, இந்த நிமிடம் பேசினால் போதும்.

2009 மார்ச்சில் ஸ்கிட்டில்ஸ் மிட்டாய் நிறுவனம், தன் பெயருக்கான ட்விட்டர் தேடல் முடிவுகளையே இணையதளத்தின் முகப்பாக வைத்தது. மக்கள் சும்மா இருப்பார்களா? அந்தப் பெயரைச் சேர்த்துக் கெட்ட வார்த்தைகளை எழுதித் தள்ளினார்கள். எல்லாம் முகப்பில் வந்தன. சில நாட்களில் அந்த ஏற்பாட்டை மாற்ற வேண்டியதாயிற்று. இது சிரிப்புக்கதை. அடுத்தது அப்படி இல்லை. ஜூனில் பிரிட்டனின் ஹேபிடட் என்ற ஃபர்னிச்சர் நிறுவனம், ஈரான் எதிர்க்கட்சித் தலைவர் மூசவியின் பெயரை ஹேஷ்டேகாகச் சேர்த்து, பரிசுக் கூப்பன் விளம்பரம் போட்டது. தெஹ்ரானில் என்ன ஆகிறது என்று தேடியவர்களின் கண்ணில் சோபா வியாபாரம் பட்டது. கண்டனம் வந்தது, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

ஆனால் ஹேபிடட் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. நம்பகத்தன்மையைக் கணக்கிலிருந்து நீக்கிய ஒரு வரிசையில், தெருவில் நிற்கும் மாணவரின் குரலுக்கும் விற்பனைப் பிரிவு ஊழியரின் குரலுக்கும் வித்தியாசம் கிடையாது. யார் அதிகத் தடவை பேச முடியுமோ அவருக்கே லாபம். மாணவரைப் போலீஸ் துரத்துகிறது. ஊழியருக்கு மாதச் சம்பளம் வருகிறது.

பெரிய நிறுவனங்கள் அப்போது அவசரத்தில் இருந்தன. 2009 அக்டோபர் 21 அன்று மைக்ரோசாஃப்டும் கூகுளும் ஒரே நாளில் ட்விட்டருடன் ஒப்பந்தம் அறிவித்தன. டிசம்பர் 7 அன்று கூகுள் தன் நிகழ்நேரத் தேடலை வெளியிட்டது. முடிவுகளுக்கு நடுவே ஒரு பெட்டிக்குள் ட்வீட்கள் தாமாக ஓடிக்கொண்டிருந்தன. 2011 ஜூலையில் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கப்படவில்லை, கூகுளின் அந்த வசதியும் நின்றது.

இதற்கிடையில் ட்விட்டர் தன் வழியைக் கண்டுபிடித்திருந்தது. 2010 ஏப்ரலில் கட்டண ட்வீட்கள் அறிமுகமாயின. ஸ்டார்பக்ஸ், பெஸ்ட் பை போன்றவை முதல் விளம்பரதாரர்கள். அந்த விளம்பரங்கள் முதலில் வந்த இடம் எது தெரியுமா? தேடல் முடிவுகளின் உச்சி. இரண்டு மாதத்தில் டிரெண்டிங் பட்டியலிலும் ஒரு இடம் விற்பனைக்கு வந்தது. ‘டாய் ஸ்டோரி 3’ படம் அதை வாங்கியது. சமைஸை வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஹேபிடட் எதற்காக மன்னிப்புக் கேட்டதோ, அதன் நாகரிகமான வடிவத்துக்கு இப்போது விலைப்பட்டியல் இருந்தது.

வேகம் ஒரு தொழிலாகவே ஆனது. 2013 பிப்ரவரியில் சூப்பர் பௌல் ஆட்டத்தின் நடுவே மின்சாரம் போனபோது, இருட்டை வைத்து ஓரியோ பிஸ்கட் போட்ட ஒரு ட்வீட் மார்க்கெட்டிங் உலகின் பாடமானது. இரண்டே மாதத்தில் அதே வேகத்தின் மறுபக்கம் தெரிந்தது. அசோசியேட்டட் பிரஸ்ஸின் ட்விட்டர் கணக்கைத் திருடி, வெள்ளை மாளிகையில் குண்டு வெடித்து ஒபாமா காயமடைந்ததாக யாரோ எழுதினார்கள். சில நிமிடங்களுக்கு அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்து, பொய் என்று தெரிந்ததும் மீண்டது.

நம் ஊருக்கு இது 2015 டிசம்பரில் வந்தது. சென்னை வெள்ளத்தில் படகு வேண்டும், பால் வேண்டும், அம்மா மொட்டைமாடியில் இருக்கிறார் என்று ஹேஷ்டேக்குகளில் கோரிக்கைகள் கொட்டின. அவற்றில் பல, ஆள் மீட்கப்பட்ட பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தன. ரீட்வீட் ஆகும் ஒவ்வொரு தடவையும் பழைய கோரிக்கை புதிதாகத் தெரியும். அதற்கடியில், யாரும் பகிராத உண்மையான கோரிக்கை புதைந்துபோகும். அந்த நாட்களில் முகம் தெரியாத தன்னார்வலர்கள் செய்த வேலை எளிமையானது. கோரிக்கைகளை ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றினார்கள். கொடுத்திருந்த எண்ணுக்குப் போன் போட்டு, ‘சார், இன்னும் அங்கேயே இருக்கீங்களா?’ என்று கேட்டார்கள். மீட்கப்பட்டவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள்.

பேஜ்ரேங்குக்குப் பொறுமை இருந்தது, வேகம் இல்லை. நிகழ்நேரத் தேடலுக்கு வேகம் இருந்தது, சரிபார்க்க ஆள் இல்லை. சரிபார்க்கும் வேலையை அந்தத் தன்னார்வலர்கள் கையால் செய்தார்கள். இன்றைக்கு அந்தத் தளத்தின் பெயர் எக்ஸ். 2023இலிருந்து அங்கே தேடவே கணக்கு வேண்டும். வெளி நிரல்கள் தரவை எடுக்க இருந்த இலவச வழியையும் அதே வருடம் சுருக்கிவிட்டார்கள். அடுத்த பெருமழையில் ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்து உட்காரப்போகிறவர்கள், கோரிக்கைகளைச் சேகரிப்பதற்கே முதலில் வேறு வழி தேட வேண்டியிருக்கும்.